அப்பா படிக்காமல் தாண்டிய பக்கங்கள்

என் வாயாடி மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா, உன் இருமல் விட்டதா. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இன்றைக்கு அதை எழுதப் பேனா நகரவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டி வலி இருக்கிறது, அது இப்போது வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது, அதை விடு. உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறைக் குழாயை மாற்றிக் கொடுத்தான், மாற்றியதிலிருந்து ஒழுகாத இடத்திலும் ஒழுகுகிறது, லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிறந்த பிள்ளை என்று அவனை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், உன் அப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

அப்பாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் நடப்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அங்கே ஒரு பழைய புத்தகம் வந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருப்பது. நீ சின்னவளாக இருந்தபோது டிவியில் ஒரு விண்வெளிக் கப்பல் தொடர் ஓடியதே, நாலு பேரும் வந்து உட்காராமல் ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். கடைசிப் பாகம் வந்த அன்றைக்குப் பார்த்து எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுபோய், ஆள் மாட்டிக்கொண்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீயும் தம்பியும் அழுதீர்கள், ஆனாலும் டிவியைப் போடவில்லை, அவ்வளவு ரோஷம். அப்புறம் அந்தத் தொடரையே நாவலாக எழுதி, கேப்டனாக நடித்தவரின் படத்தை அட்டையில் போட்டு விற்றதை அப்பா வாங்கி வந்து, சாப்பாடு முடிந்ததும் நமக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கப்பலில் காற்று தீர்ந்துகொண்டே வருகிறது, கேப்டன் தன் பங்குக் காற்றை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு இயந்திர அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறார், முடிந்தது கதை என்று புத்தகத்தை மூடினார். கேப்டன் சாகவில்லை என்று சொன்ன பாவத்துக்கு நீ பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தாய், நான் வந்து அவள் அம்மாவிடம் கெஞ்சிக்கூத்தாடினேன்.

அவள் சொன்னதுதான் சரியாம். டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியனுக்கும் அந்தத் தொடர் என்றால் பைத்தியம். பேச்சுவாக்கில் அப்பா, போனா அந்தக் கேப்டன் மாதிரி போகணும், மத்தவங்க காத்தை வாங்கிக்கிட்டுக் கிடக்கக் கூடாது என்று சொல்ல, அவர், சார், கேப்டன் எங்க செத்தாரு, கதவை உடைச்சு வெளிய இழுத்துடுவாங்களே என்று போனில் அந்தக் காட்சியையே போட்டுக் காட்டிவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. அப்பா முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு, இது அடுத்த வருஷமும் ஓட்டணுமேன்னு டிவிக்காரங்க பண்ணின வேலை, நம்ம புத்தகத்துல இருக்கறதுதான் சரி என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார். இனிமேல் டயாலிசிஸ் வேண்டாமாம். அவருக்காக நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து தேய்ந்ததும் போதுமாம். எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் கேட்டும்விட்டார். நிறுத்தினால் கொஞ்ச நாள்தான், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம், முடிவு உங்களுடையது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டால், நடந்த பிறகு சொல்லிக்கலாம் என்றார். அடுத்த தடவை போகும்போது பரணிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார், கண் மங்கிவிட்டதால் என்னையே படிக்கவும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை நான் காதால் கேட்டதோடு சரி. கேப்டன் கதவைப் பூட்டுகிற இடம் வந்தது, ஆனால் புத்தகம் அங்கே முடியவில்லை. கப்பலை ஓட்டுகிற அந்தப் பெண், அவரோடு கடைசிவரை கூட வந்தவள், இன்னும் சில பக்கங்களுக்குக் கதவை அடித்துக்கொண்டே வெளியே நிற்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, இருக்கிற காற்றைப் பகிர்ந்துகொள்வோம் என்று நான் சொல்லியிருப்பேனே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறது. இந்தப் பக்கங்களை உன் அப்பா நமக்குப் படிக்கவே இல்லை. பசங்க பயந்துடுவாங்கன்னு தாண்டிட்டேன் என்றார். நான் ஒரு வரி விடாமல் படித்தேன், பக்கத்துக் கட்டில்காரர்கூட ரேடியோவை நிறுத்திவிட்டார். படித்து முடித்துவிட்டு அவரை வசமாகப் பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் குழிக்குள் இறங்குவதென்றால் மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தாமல் இறங்கவே மாட்டார், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அப்படி ஆளில்லாமல் இறங்கினாலும் தொலைத்துவிடுவார். வெளிய ஆள் நிறுத்தாம ஒரு நாளாவது இறங்கியிருக்கீங்களா, இப்ப மட்டும் பெத்த பொண்ணுக்குக்கூடச் சொல்லாம இறங்கறது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம், நீ சொல்றது சரிதான், அவ வரட்டும், பக்கத்துல நிக்கட்டும், அதுவரைக்கும் இந்த டயாலிசிஸ் ஊசியைப் போட்டுக்கறேன், அவ வந்ததும் நிறுத்திடலாம் என்றார். என் வாயே எனக்கு எமனாகிவிட்டது.

லீவு கிடைக்கும் போலிருக்கிறது, வரட்டுமா என்று போன மாதம் நீ கேட்டாயே, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், இப்போது வேண்டாம் என்றேன். வெள்ளையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நீ வராதவரை அவர் இருப்பார், அவ்வளவுதான் என் யோசனை. அவரிடம் உனக்கு லீவு தரவில்லை என்று சொல்லிவந்தேன். அப்படியா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார். அந்தக் கையை நீ பார்க்கவில்லை. ஊசி குத்த இடம் கிடைக்காமல் நர்ஸ் தடவித் தடவித் தேடுகிறாள், முழங்கை வரை கன்றிப்போயிருக்கிறது. நேற்று மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கி நினைவு தப்பிவிட்டது. கண் திறந்ததும் என்னைத் தேடிப் பார்த்து, அவளுக்கு லீவு குடுத்தாங்களா என்றுதான் கேட்டார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவர் வேண்டும், நான் இருக்கிற வரைக்கும் வேண்டும். ஆனால் இப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதனால் கிளம்பி வா. அவர் மனதை மாற்றிவிடலாம் என்று நம்பி வராதே, வந்து ஏமாந்து போகாதே. சண்டை போட வேண்டுமானால் போடு, உன்னோடு சண்டை போடுவது அவருக்குப் பிடிக்கும். அழுகையை மட்டும் என்னிடம் வைத்துக்கொள். தம்பியிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே, இருமல் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் ஒருத்தருக்கொருத்தர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் மனது முழுக்க அதுதான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற தேதியை அப்பாவைக் கூப்பிட்டு அவரிடமே சொல். என்னிடம் சொன்னால் நான் அவரிடம் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா