ஏழாம் மாடிக்குப் போன நியாயம்

இன்று காலை ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். உள்ளங்கையில் அந்தச் சில்லிப்பு பட்டதும் எரிச்சலாக வந்தது, கூடவே உன் ஞாபகமும் வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் பிழைக்க வந்த இந்தப் போபோடியில் நம் பழைய குடியிருப்புக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோதே நீ சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாய். "எந்த மாடி யாருக்குன்னு எவன்டா முடிவு பண்ணுவான்?" அப்போது நீ லைப்ரரியிலிருந்து பழைய கிரேக்கர்களைப் பற்றிய புத்தகங்களாக எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தாய். ஃபாக்டரி கேண்டீனில் டீ ஆறிப்போகும், உன் வாய் ஓயாது. "வழக்கு விசாரிக்கிற ஆளுங்கள அன்னிக்குக் காலையிலதான் குலுக்கி எடுப்பாங்களாம். யாருன்னே தெரியாதப்ப எவனைப் போய்க் கவனிக்கிறது? சந்தேகப்பட்டவன்தான்டா நியாயத்தைக் கண்டுபிடிச்சான்."

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "அவனவனுக்கு உரியதைக் கொடுக்கறதுதான் நீதின்னு சொன்னதும் அதே கிரேக்கன்தானே? முட்டிவலிக்காரிக்குக் கீழ்மாடி, ஓடியாடுறவனுக்கு மேல்மாடி." உன் மனைவியை மனதில் வைத்துத்தான் சொன்னேன். நீ சிரித்தாய். "யாருக்கு வலின்னு நம்ம சொசைட்டி செக்ரெட்டரிதானே எழுதுவான்? அவன் மச்சானுக்குத்தான் முதல்ல முட்டி வலிக்கும்."

குலுக்கல் நாளன்று நீ இல்லை. காகிதச் சீட்டென்றால் மடிப்பில் தில்லுமுல்லு செய்யலாம் என்று சொல்லி, வீட்டு எண்களைச் சின்ன ஸ்டீல் சிமிழ்களுக்குள் போட்டு ஒரு குடத்தில் கொண்டுவந்தார் செக்ரெட்டரி. அவ்வளவு நேர்மை எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் எடுக்கப்போவது அவருடைய மச்சான் என்று அறிவித்ததும் எழுந்துவிட்டேன். யார் எந்த வரிசையில் எடுப்பது என்பதையும் குலுக்கித்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். உன் குரல்தான் என் தொண்டையில் கத்தியது. செக்ரெட்டரிக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் கூட்டம் என் பக்கம் நின்றது.

அப்படிக் குலுக்கியதில் வந்த முதல் பெயர் உன் மனைவியுடையது. குடத்துக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள்.

"ஜல்தி கரோ, பாபி," என்று அண்ணி முறை வைத்து இந்தியில் அவசரப்படுத்தினார் செக்ரெட்டரி.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணா, இதுல ஒண்ணு மட்டும் ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. மச்சான் தடவித் தேடி எடுக்கவேண்டிய முதல் மாடி அது. ஃப்ரீசரில் வைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். அருகில் போய், "பேசாம அதையே எடும்மா," என்று முணுமுணுத்தேன். திருட்டுத்தனமாகவாவது நியாயம் நடக்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

அவள் கையை வெளியே எடுத்தாள். கை வெறுமையாக இருந்தது. "அவரு இருந்தா விடுவாரா? எல்லாத்தையும் வெளிய கொட்டுங்க," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

சிமிழ்களை முற்றத்தில் வெயிலில் பரப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஏசி ரூமில் இருந்ததால் அப்படி ஆகியிருக்கும் என்றார் செக்ரெட்டரி. எல்லாம் ஒரே மாதிரி சூடானதும் மறுபடி குலுக்கினோம். அவளுக்கு ஏழாம் மாடி வந்தது.

புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகும் செக்ரெட்டரி இன்றும் செக்ரெட்டரிதான். லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, அப்போதெல்லாம் அவள் கீழே இறங்குவதும் இல்லை. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஏறுகிறேன், வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு. குலுக்கலில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அதுதான் என் ஆத்திரம்.

நேற்றும் மூச்சு வாங்கப் போய் நின்றேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தவள், "இங்க காத்து நல்லா வருதுண்ணா, எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள்.

நான் நம்பவில்லை.