ஓட்டைக் காலணாவின் விலை

6-7-2003, ஞாயிறு
நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணாவுக்கு ஐம்பதாயிரம் தருகிறார்கள் என்று சேவூர் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். கேட்டு வந்தவர் கொழுந்தனார் தங்கவேலு. அத்தோடு வீட்டு நிம்மதி போயிற்று. எங்கள் தறியில் அப்படி ஒரு காசு உண்டு. பாவில் இழை அறுந்தால் புது இழை முடிந்து, அது தொய்யாமலிருக்கப் பின்னால் அந்தக் காசைக் கட்டித் தொங்கவிடுவோம். மாமனார் காலத்திலிருந்து அதற்கு அதுதான் வேலை.

"சேதி கொண்டாந்தது நானு" என்கிறார் அவர். "மூத்தவன் நானு" என்கிறார் என் வீட்டுக்காரர். விற்காத காசுக்கு இத்தனை பங்கு.

9-7-2003
அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தறியும் நின்றது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாக வரும் கோர்வைப் புடவை. இவர் நெய்ய, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான இழை சுற்றிய நாடாவை வீசினால்தான் நகரும். ஆவணிக் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டியது. நான் உட்காரட்டுமா என்றேன்.

"அவன் கை பழகின கரை. நீ உக்காந்தா வளைஞ்சிடும்."

கோபத்திலும் தம்பி கைக்குச் சான்றிதழ்!

காசு இந்த வாரம் அவர்கள் பக்கம், அடுத்த வாரம் எங்கள் பக்கம் என்று ஏற்பாடு.

14-7-2003
காசு வந்தது. ஒரே கறுப்பு. ஞாயிறன்று வேலூரில் காசு சேகரிப்பவர்கள் கண்காட்சியாம், அண்ணனும் தம்பியும் அங்கே காட்டப் போகிறார்கள். பூஜைச் சொம்போடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று ஆகிவிட்டது.

15-7-2003
இன்னா காரியம் செஞ்சிட்டேன். பழைய காசைத் தேய்த்தால் விலையே போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு ஹேமலதா டீச்சர். ஐம்பதாயிரம் — ஒரு பிடி புளியில்! சொல்லவா? சொன்னால் இவர் என்னோடும் பேச மாட்டார். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

18-7-2003
பெட்டியைத் திறந்து பார்த்தேன்; காசு இன்னும் தகதகவென்றுதான் இருக்கிறது.

20-7-2003, ஞாயிறு
நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன். பஸ்ஸில் இவர் முன்னால், தம்பி கடைசியில். கண்காட்சியில் ஒரு பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"புளி போட்டுத் தேச்சிட்டீங்களா?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார்; நான் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"தேய்க்காம இருந்தா இருபது ரூபா தரலாம். இப்ப பத்துதான். உலகச் சண்டைக் காலத்துல செம்பை மிச்சம் பண்ண ஓட்டை போட்டு, கோடிக்கணக்குல அடிச்ச காசு இது. ஊருக்கு ஊரு கீது."

அப்பாடா. நான் கெடுத்தது வெறும் பத்து ரூபாய். முருகா, உனக்கு ஒரு தேங்காய்.

தம்பிதான் முதலில் சிரித்தார். "பஸ் சார்ஜுக்கே காணாதுண்ணா."

'அண்ணா' என்று காதில் விழுந்து பதினோரு நாள் ஆகிறது. இவர் தம்பி தோளில் கை போட்டார். "பேஜார் புடிச்ச காசு. வா, டீ குடிக்கலாம்."

திரும்பும்போது இருவரும் ஒரே சீட். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள், என்னை மறந்துவிட்டு. மறக்கட்டும்.

21-7-2003
காலையிலேயே தறிச் சத்தம். மனசு கேட்காமல் தங்கவேலு மனைவி செல்லியம்மாளிடம் புளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அதுக்கு முந்தின வாரமே நான் செங்கல் தூள் போட்டுத் தேச்சிட்டேங்க்கா. டீச்சர் சொன்னதும் பயந்துகினு, விளக்குக் கரியைத் தடவித்தான் உங்க கையில குடுத்தேன்."

நான் புளி போட்டுத் தேய்த்தது அந்தக் கரியை.

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர். தறிப் பக்கமிருந்து, "இன்னா அங்க சிரிப்பு?" என்று இரண்டு குரலும் சேர்ந்து கேட்டன.

"ஒண்ணுமில்ல" என்றோம், நாங்களும் சேர்ந்தே.