பாலத்தைத் தாண்டுவதற்கு முன்

வெள்ளிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை, அதற்குக் காரணமே நீதான் என்பதால் குசலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். நேற்று போன் செய்தபோது நான் வாயைத் திறந்ததுமே, "உன் பாடத்தையெல்லாம் கிளாஸ்ல வச்சுக்கக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதனால் உன் மிஷினுக்குப் புது பெல்ட் கொண்டுவருகிற மெக்கானிக்கிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைப் படித்து முடிக்கிறவரை பெல்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை உன் அறுவடை மிஷின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டக்கூடாது. உள்ளே முழுசாகச் சுத்தம் செய்யாமல் அது அக்கரை வயலில் இறங்கவே கூடாது. வெளியே தண்ணீர் பீய்ச்சிப் பளபளவென்று நிறுத்துவாயே, அந்தச் சுத்தம் இல்லை.

"எங்கக்கா புல்லுக்கு டியூஷன் எடுக்கிறா" என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேலி செய்தவன் நீ. எங்கள் வேளாண்மைக் கல்லூரியில் நடக்கிற அந்த டியூஷனைக் கொஞ்சம் கேள். கோதுமை வயல்களில் முளைக்கிற களைப்புல்லின் விதையைப் பொறுக்கி வந்து, தொட்டியில் முளைக்கவைத்து, களைக்கொல்லி மருந்து அடித்துப் பார்ப்போம். செத்தால் நல்லது. சாகாவிட்டால், அந்த வயல்காரருக்கு இனிமேல் அந்த மருந்தும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். சாகாத தொட்டியில் என் மாணவர்கள் "பாஸ்" என்று எழுதி ஒட்டுவார்கள். இந்த வருஷம் நாலு மடங்கு மருந்துக்கும் அசையாமல் பச்சைப்பசேலென்று நின்ற தொட்டிகளுக்கு "டிஸ்டிங்ஷன்" என்று ஒட்டினார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எந்தத் தொட்டி யாருடைய வயல் என்பது சோதனை முடிகிறவரை எங்களுக்கே தெரியாது. எண் மட்டும்தான் இருக்கும். ஓரவஞ்சனை வரக்கூடாது என்று நானே போட்ட சட்டம் அது. போன வாரம்தான் எண்களைப் பிரித்து, எந்தெந்த வயல் என்று பார்த்தோம். என்னிடம் ஆராய்ச்சி செய்கிற பெண், வாயாடி என்று நான் கூப்பிடுவேன், வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள். "மேடம், இது காத்துல வரல, தண்ணில வரல, மிஷின்ல வந்திருக்கு" என்று கத்தினாள். புல் முதலில் தலைகாட்டுவது மிஷின் வயலுக்குள் நுழைகிற மூலையில். அங்கிருந்து அறுத்துக்கொண்டு போன வாக்கிலேயே கோடு கோடாகப் பரவியிருக்கிறது. அவள் விடவில்லை. ஒவ்வொரு வயல்காரரிடமும் போய் யார் அறுத்தது என்று கேட்டிருக்கிறாள். "எல்லாமே ஒரே மிஷின் மேடம், நீலக் கலர், யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னையே கேட்டாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இந்தக் களையை நீ உண்டாக்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரே மருந்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அடித்ததில், அதற்குச் சாகாத ஒன்றிரண்டு புல் தப்பித்துப் பெருகியது. ஆனால் ஒரு வயலில் கிடந்த சனியனை இத்தனை வயல்களுக்கு வாடகை வாங்காமல் சுமந்து போனது உன் மிஷின். சல்லடையிலும், தானியம் ஏறுகிற குழாயிலும், தானியத் தொட்டியின் அடிமூலையிலும் தங்குகிற விதை ஒரு கூடை தேறும். அக்கரையிலிருந்து வந்த புல் எங்கள் தொட்டிகளில் ஒன்றுவிடாமல் செத்தது தம்பி. அங்கே மருந்து இன்னும் வேலை செய்கிறது. நீ இதுவரை அங்கே போனதில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவை போகப் போகிறாய்.

எங்கள் துறைத் தலைவருக்கு அது யார் மிஷின் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பேரெல்லாம் எதுக்குங்க, ஏதோ ஒரு இயந்திரம்னு போட்டுடுங்க. அறிக்கைய அறுப்பு முடிஞ்சப்புறம் குடுத்துக்கலாம். உங்களுக்கும் சங்கடம் இல்ல." நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே அக்கரை விவசாயிகள் சங்கத் தலைவி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் நான் பேச ஒத்துக்கொண்டதை நினைவுபடுத்தத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக உன்னைப் பற்றிச் சொன்னார். "வெளி மிஷின் எது வந்தாலும் மூடியெல்லாம் தொறந்து பாத்துட்டுத்தான் மேடம் உள்ள விடுவோம். உங்க தம்பி, 'எங்கக்கா களைப் பேராசிரியர், அவங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் கழுவுறேன்'னு சொன்னாரு. அப்புறம் நாங்க எதுக்குத் தொறக்கணும்?" என்றார். என் பேரைச் சொல்லியா தம்பி அந்தக் கதவைத் திறந்தாய்?

இதுகூட நீ புரியாமல் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்க இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி காபி கொடுத்துவிட்டு உன் பெருமையை ஆரம்பித்தாள். "எங்கப்பா வயல்ல மிஷின இறக்குறதுக்கு முன்னாடி, வருஷா வருஷம் ஒரு முழு நாள் நிறுத்தி, சல்லடையெல்லாம் கழட்டி, காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டுத்தான் அண்ணி வருவாரு. அவ்வளவு மரியாதை" என்றாள். காபியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். வரைபடத்தில் உன் மிஷின் போன வயல்களுக்கு நடுவில் ஒரே ஒரு வயல் சுத்தமாக இருக்கிறது. இது மட்டும் எப்படித் தப்பித்தது என்று வாயாடி ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். அது உன் மாமனார் வயல்.

அப்படியென்றால் உனக்குத் தெரியும். மிஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், அதை எப்படி எடுப்பது என்றும் தெரியும். உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பேப்பர் தாங்காது. மாமனார் வயல் வயல், மற்றவன் வயல் குப்பைமேடா? இது எப்படித் தப்பித்தது என்று கேட்கிற வாயாடிக்கு நான் என்ன பதில் சொல்ல?

நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். "ஒரு மழை விழுந்தா கதிர் சாஞ்சிரும், ஒரு நாள் நின்னா அடுத்தவன் மிஷின் உள்ள பூந்துரும், நீ மாசச் சம்பளக்காரி, உனக்கென்ன தெரியும்" என்பாய். உண்மைதான். சுத்தம் செய்கிற நாளுக்கு உனக்கு யாரும் கூலி தருவதில்லை. அதைத் தர வேண்டும் என்று சங்கத்தில் கேட்கப் போகிறேன். தருவார்களா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அந்த வரைபடத்தைக் காட்டுவேன். யார் மிஷின் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். என் தம்பியுடையது என்று சொல்வேன். துறைத் தலைவரிடமும் வாயாடியிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் முகம் செத்துப்போய்விட்டது, "சாரி மேடம்" என்றாள். இதைக் கேட்டால் அக்கரையில் உன்னை உள்ளே விடமாட்டார்கள். இக்கரையிலும் இந்த வருஷ வேலை போகலாம். உன் வீட்டுக்காரி என் வீட்டுப் படியை இனிமேல் மிதிக்கமாட்டாள். எல்லாம் யோசித்துவிட்டேன். அப்படியும் சொல்லத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் உன் கையில் இருக்கிறது. மிஷினைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எடைமேடைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் நிறுத்து. நாளைக்கு லீவு போட்டுவிட்டேன். காற்றடிக்கிற கம்ப்ரசரைக் கல்லூரி வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே அங்கே வந்துவிடுவேன். சல்லடையை நீ கழற்று, குழாய்க்குள் கையை விட்டு நான் எடுக்கிறேன். என் கைதான் சின்னது. திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. திட்டிக்கொண்டே எடுப்பேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்னோடு சங்கத்துக்கு வா. நீ வந்தாலும் உன் பேரைச் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். வராவிட்டால் அத்தனை பேருக்கு முன்னால் தனியாக நின்று சொல்ல வேண்டியிருக்கும். வந்தால் உன் பக்கத்தில் நின்று, உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்டா.

வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன், இந்தக் கடிதத்தை எழுதுகிறபோதும் அதையேதான் நினைக்கிறேன்.

கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. வந்துவிடு.

என்றும் உன்
அக்கா