பத்தாயிரத்து ஏழு டைல்ஸ்

என் கணக்கு டீச்சருக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. கிடங்குக்குப் பத்தாயிரத்து ஏழு டைல்ஸ் வந்திருக்கிறது. எல்லா அடுக்கும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டுமாம், ஒன்றுகூட மிஞ்சக்கூடாதாம். பத்துப் பத்தாக அடுக்கினால் ஏழு மிஞ்சுகிறது, பன்னிரண்டாக அடுக்கினால் பதினொன்று.

“சார், இது பகா எண். எதாலயும் வகுபடாது” என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“நம்பர் மேல பழி போடாத. அடுக்கி முடிச்சாத்தான் உன் லீவுல கையெழுத்து” என்றார்.

இன்னும் ஒன்றே ஒன்று இருந்தால் எழுபத்திரண்டு வீதம் கச்சிதமாக அடுக்கிவிடலாம். அந்த ஒன்றுக்கு நான் எங்கே போவேன்?

நீ சொல்லித்தந்தபடி, நூறுக்குள் இருக்கும் எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். அந்தத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னிடம் தாள் தீர்ந்துவிட்டது. பாப்பாவின் பழைய நோட்டு இருந்தால் அனுப்பு, அவள் கிறுக்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.

மணி அடிக்கிறது, போக வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்து நிதானமாகத் திருத்து. எங்காவது ஒரு தப்பு கண்டுபிடித்துக் கொடு. தப்பு இருந்தால்தான் நான் வீட்டுக்கு வர முடியும்.

உன் மக்கு மாணவன்