கையைத் திருப்பாதே

கெலாங் பாத்தா,
ஞாயிறு.

அன்புள்ள வாசுகிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் வலது கையைத் தவிர. இதை இடது கட்டைவிரலால் போனில் தட்டி, கடையில் பிரிண்ட் போட்டு, பார்சலுக்குள் வைக்கிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் "சரி லா, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி செதுக்க உட்கார்ந்துவிடுவாய்.

மூன்று விரல் மரத்துப்போய்விட்டது. பேக்டரியில் லீவு. டாக்டர் "ரெஸ்ட் லா, ரெஸ்ட்" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா வேறு "கைதாண்டி சோறு போடுது, அந்தக் கப்பல் படமா போடுது?" என்று ஓயாமல் பாடுகிறார்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய துறைமுகப் படத்தை ஆளுக்குப் பாதியாகச் செம்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி அச்சடிக்க ஆசைப்பட்டோம். கற்றதெல்லாம் ரீல்ஸ் பார்த்து. அதில் உளியின் முனையும் சுருண்டு வரும் செம்பும் மட்டும்தான் தெரியும். பார்க்கப் பார்க்கப் பைத்தியம் பிடிக்கும். நான் தகட்டை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒவ்வொரு அலைக்கும் மணிக்கட்டை வளைத்து வளைத்து வெட்டினேன். அதை வீடியோ எடுத்துப் போட்டேன். நீயும் அதைப் பார்த்து அப்படியே செய்தாய்.

போன வாரம் அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ "தகடு ஏன் நகரவே இல்லை?" என்று கேட்டு, ஒரு முழு வீடியோவும் போட்டிருந்தார். அலமாக், வாசு! செதுக்குகிறவரின் வலது கை வளையவே இல்லை. மணல் நிரப்பிய ஒரு தோல் திண்டின் மேல் தகட்டை வைத்து, இடது கையால் மெதுவாகத் திருப்புகிறார். சுற்றுவது தகடுதான், மணிக்கட்டு இல்லை. நாம் பார்த்த எல்லாவற்றிலும் அந்த இடது கை பிரேமுக்கு வெளியே இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

அன்று பண்ணையிலிருந்து வீடியோ காலில் காபி கப்பைக் கீழே வைத்துவிட்டு விரல்களை உதறினாயே, "ஸ்ட்ராபெரி பறிக்கிற குளிருடி" என்று. நானும் முதலில் பேக்டரி ஏர்கான் என்றுதான் நினைத்தேன். எனக்காவது லீவு எழுத டாக்டர் இருக்கிறார். விசா முடிந்த பிறகு, பிடிபடும் பயத்தில் நீ எந்த கிளினிக் படியும் ஏறுவதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாது. மார்க்கெட்டில் பார்த்தால் "நல்லா இருக்கா ஆன்ட்டி" என்று மட்டும் சொல்கிறேன்.

பார்சலில் இருப்பது தோல் திண்டு. என் ஹேண்ட்பேக்கை வெட்டி, திட்டிக்கொண்டே அம்மா தைத்தது. மணல் போட்டு அனுப்பினால் உங்கள் ஆஸ்திரேலியா கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்களாம். நீயே நிரப்பிக்கொள். இப்போது வேண்டாம். விரல் உதறுவது நிற்கட்டும்.

நம் படத்தை வைப்பதாக இருந்த கண்காட்சிக்கு அது வராது என்று, அதை நடத்தும் ரூபேந்திரன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "உன் பாதியையாவது குடும்மா" என்றார். என் பாதியில் வெறும் கடல்தானே, கப்பலெல்லாம் உன் பாதியில் என்றேன்.

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. உளியை மட்டும் கீழே வை. பழம் பறிக்க அந்தக் கை வேண்டும். என்றைக்காவது எங்கள் வீட்டு கேட்டைத் தட்டவும் வேண்டும். அதற்கு ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
லோஷினி