மூன்றாவது பீரியடில் சுரக்கும் பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. அறையில் இருப்பவர்கள் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் குட்டி வளவனுக்குச் சளி விட்டதா?

கான்ட்ராக்ட் டீச்சருக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாதாம், ஹாஸ்டலில் கைக்குழந்தைக்கு இடமில்லையாம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இன்று மூன்றாவது பீரியடில், குளிர்நாடுகளில் குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும் தரை அணில்களைப் பற்றி நடத்தினேன்.

"வெளிச்சமே வராத வளையில, குளிர் போயிடுச்சுன்னு அதுக்கு யாரு மிஸ் சொல்றது?" என்றான் ஒருவன்.

"உடம்புக்குள்ளயே கடிகாரம் இருக்கு. நேரம் வந்தா ஹார்மோன் சுரக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. வளவனுக்கு நான் பால் கொடுத்துவந்த நேரம் அது. புத்தகத்தை மார்போடு பிடித்தபடி பாடத்தை முடித்தேன். நினைத்தால் எனக்கே சிரிப்புதான் வருகிறது, கவலைப்படாதே.

லேப் உதவியாளர் கஸ்தூரியம்மாள், "ஏம்மா அவஸ்தப்பட்டுகினு கெடக்குற? மாத்திரை போட்டு பால நிறுத்திடு" என்கிறார். டாக்டரிடம் எழுதி வாங்கியும் வைத்துவிட்டேன், விழுங்கத்தான் முடியவில்லை.

என் பழைய நூல் புடவையை விரித்து வளவனைப் படுக்கவை. போனில் "நல்லா இருக்கான்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பால் குடிக்கும் அந்த நேரத்துக்கு அவன் இன்னும் என்னைத் தேடுகிறானா, பழகிவிட்டானா? அது தெரிந்தால்தான் மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். மறைக்காமல் சீக்கிரம் பதில் எழுது.

உன் மகள்
மணிமொழி