நாற்பது நிமிஷம்

மார்ச் 3, செவ்வாய்

நாலரைக்கே மோட்டார் போட்டுவிட்டேன். ஆறு பிளாக், நூற்றுப் பத்து வீடு. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருகினால் எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறும் என்பது என் கைக்குத் தெரியும். படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினெட்டு வருஷத்தில் ஒரு வீட்டுக் குழாயும் வெறும் காற்றை விட்டதில்லை. மருமகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம். பாட்டியாகப் போகிறவள் இன்னும் வால்வு ரூமுக்குள் குனிந்து போகலாமா என்று வாட்ச்மேன் கேலி செய்கிறார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிவேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பேத்தி. மூன்று கிலோ நூறு கிராம். சாயங்காலம் நாலு பத்துக்கு.

ஆறு பிளாக்கிலும் சொல்லியாயிற்று. எங்கள் வம்சத்தில் ஒருவரும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை, இவளும் அப்படித்தான் இருப்பாள் என்று மாடிக்கு மாடி சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. குளிர் என்று நினைத்துத் துணியை இழுத்துச் சுற்றினேன். நர்ஸ் வந்து துணியைப் பிரித்தாள், நகத்தைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓடினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஓடி நான் பார்த்ததில்லை.

மூக்கில் ஆக்சிஜன் வைத்தும் நீலம் போகவில்லை. மருந்து ஏற்றுகிறார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு பெண்ணைக் கெஞ்சிக் கேட்டேன். இதயத்தில் ஓட்டை இருக்கிறது, மற்றதை டாக்டர் சொல்வார் என்றாள். இதயத்தில் ஓட்டையா? எங்கள் வீட்டிலா? மாடிப்படியில் உட்கார்ந்து, அந்த ஓட்டை மூடிக்கொள்ள வேண்டும், மூடிக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

மார்ச் 7, சனி

எழுதத்தான் வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் சின்ன டாக்டர் ஒரு சம்மதப் பாரத்தோடு ஓடி வந்தார். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் விடுவார்களாம். நுனியில் பலூன். அதை ஊதி இழுத்து அந்த ஓட்டையைப் பெரிசாக்க வேண்டுமாம். உடனே கையெழுத்து வேண்டும் என்றார்.

மகன் என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்தே எதையும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டான். அதில் எனக்கு எவ்வளவு கர்வம்.

"போடாதே," என்றேன். "கிழிசலைத் தைக்கச் சொன்னா இன்னும் கிழிக்கிறேங்கறாங்க. பெரிய டாக்டர் வரட்டும்."

பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். நான் பெஞ்சை விட்டு நகரவில்லை. மகன் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டான். சின்ன டாக்டர் கெஞ்சினார். நீ என்ன நேற்று வந்த பையன் என்று வாய்விட்டே சொன்னேன்.

நாற்பது நிமிஷம் கழித்துப் பெரிய டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தின் பின்பக்கத்தில் படம் போட்டார். இதயத்திலிருந்து இரண்டு பெரிய குழாய்கள் கிளம்பும். ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று உடம்புக்கு. பாப்பாவுக்கு இரண்டும் இடம் மாறி முளைத்திருக்கின்றன. காற்று கலந்த நல்ல இரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. கெட்ட இரத்தம் உடம்புக்கே திரும்பிப் போகிறது.

படத்தில் விரலை வைத்தேன். இரண்டு மோட்டாரும் ஓடுகின்றன. ஆனால் எந்தத் தொட்டியில் எடுத்த தண்ணீரோ அந்தத் தொட்டியிலேயே விழுகிறது. வீடுகளுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது. அப்போதே புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப ரெண்டும் எங்கே கலக்குது?" என்று கேட்டேன்.

"அந்த ஓட்டையிலதாம்மா. அது மூடிக்கிட்டே வருது. மூடிட்டா பாப்பா இல்லை."

மகன் கையெழுத்துப் போட்டான். பேனா பேப்பரைக் கிழித்தது.

மார்ச் 8, ஞாயிறு

பிழைத்திருக்கிறாள். ஓட்டையைப் பெரிசாக்கிய அரை மணியில் உதட்டில் நிறம் வந்ததாம்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அந்த வழி எல்லாப் பிள்ளைக்கும் உண்டாம். வயிற்றுக்குள் நுரையீரலுக்கு வேலை கிடையாது, இரத்தம் அந்த வழியாகக் குறுக்கே போய்விடும். பிறந்து மூச்சு விட்டதும் தானே மூடும். எனக்கும் இருந்து மூடியதுதான். அறுபத்தொரு வருஷமாக அது தெரியாமலே நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

மூடு, மூடு என்று கும்பிட்டேனே. கேட்டுவிட்டது போல. மூடிக்கொண்டே வந்ததாமே.

மருமகளைச் சக்கர நாற்காலியில் பிள்ளையிடம் கூட்டிப் போனார்கள். மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் கதவோரமாக நின்றிருந்தேன். கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நாற்பது நிமிஷம், அத்தை."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

வாட்ச்மேன்தான் வால்வு திறக்கிறார். ஐந்தாம் பிளாக்கில் தண்ணீர் ஏறவில்லையாம். ஏறாவிட்டால் என்ன.

மார்ச் 16, திங்கள்

இன்றைக்குப் பெரிய ஆபரேஷன். இரண்டு குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பது.

பாரம் வந்தது. மகன் வழக்கம் போல என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "உன் பொண்டாட்டியைக் கேளு," என்றேன். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் தைப்பார்களாம். நிறுத்திவிட்டு! அதுவரை வெளியே ஒரு மெஷின் இரத்தத்தை ஓட்டுமாம். பாப்பாவின் இதயம் அவள் மூடின கை அளவுதான். அதன்மேல் நூல் மாதிரி இரண்டு குழாய்கள், இதயத்துக்கே இரத்தம் கொடுப்பவை. அவற்றையும் பிரித்து ஒட்ட வேண்டுமாம், அதுதான் கஷ்டம் என்றார்கள். உடம்புக்கெல்லாம் இறைக்கிற அதற்கும் தனியாகக் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

ஏழு மணி நேரம். நானும் மருமகளும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில்.

தானாகத் துடிக்கிறதாம்.

மார்ச் 17, செவ்வாய்

பார்த்தேன். நெஞ்சை இன்னும் மூடவில்லை. வீக்கம் வடிய வேண்டுமாம். மேலே மெல்லிய தாள் மாதிரி ஒட்டியிருக்கிறார்கள், அடியில் அது அசைகிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனிதர் பார்க்கக் கூடாத இடம்.

மார்ச் 20, வெள்ளி

நெஞ்சை மூடித் தைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இல்லை. கொஞ்ச நாள் மருமகளுடைய அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று மகன் தரையைப் பார்த்துச் சொன்னான். குட்டிச் சட்டைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். நியாயம்தான். இருந்தும், ஆட்டோ திரும்பும் வரை நின்றேன்.

ஜூன் 13, சனி

மருமகளும் பேத்தியும் திரும்பி வந்து ஐந்து நாளாகிறது. மருமகள் பிள்ளையை என் மடியில் போடுவாள், ஆனால் அறையை விட்டுப் போக மாட்டாள். திங்களிலிருந்து அவள் வேலைக்குப் போக வேண்டும். சம்பந்தியம்மா போனில், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் போலிருக்கிறது.

"வேணாம்மா," என்று இவள் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. "அத்தை பாத்துக்குவாங்க."

பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 15, திங்கள்

பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதன்படி:

எட்டு மணி: மருந்து அரை மில்லி. கொடுத்தேன்.

ஒன்பதரை: பால். முழுவதும் குடித்தாள். நெற்றியில் வியர்வை இல்லை.

பதினொன்று: தூங்குகிறாள். மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. அறுபதைத் தாண்டினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினேன். முப்பத்தெட்டுதான்.

பன்னிரண்டே கால்: அவளே போன் செய்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதற்குப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள்.